கருங்காலி எங்கே என்று கேட்டுப் போன வழி

எழுபத்து மூன்று, சித்திரை மாதம். செங்கல்பட்டு வட்டாரத்தில் கருங்காலி மரம் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காய்க்கும் மரம் ஒன்றாவது கிடைத்தால் விதை எடுத்து நாற்றுப் போடலாம். இல்லையென்றால் இந்தப் பக்கம் அந்த மரத்தின் கதை அவ்வளவுதான். அலைந்த இடமெல்லாம் அடிக்கட்டைதான் இருந்தது. நீங்களும் போவதென்றால் தயவுசெய்து சித்திரையில் போகாதீர்கள், மண்டை காய்ந்துவிடும்.

செங்கல்பட்டில் காலை ஆறரை பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர், பாதி வழி நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து வடக்கே நடை. உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில், "இங்கே கருங்காலி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். கடையே திரும்பி என்னைப் பார்த்தது.

"இன்னாத்துக்கு கேக்குற?" என்றார் கடைக்காரர்.

"பார்த்துக் குறிச்சுக்கணும்."

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். "நல்லா குறிச்சுக்க அண்ணாத்த. கால்வாய தாண்டினா ஒத்த வூடு கீது. அங்கதான் கீறான்."

'கீது' என்னாமல் 'கீறான்' என்றது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அத்தனை வெயில்.

இரண்டு மைல் மணலில் கால் இழுத்துப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "கருங்காலி இங்கே இருக்குன்னு சொன்னாங்கம்மா."

"நீயும் கேக்க வந்துட்டியா?" என்று ஓவென அழுதாள். அவள் கணவர் வெளியே வந்து சொன்னபிறகுதான் விளங்கியது. உப்பளத்தில் வேலைநிறுத்தம். மகளுக்கு டைபாய்டு, மருந்து வாங்க வேண்டும் என்று இவர் மட்டும் வேலைக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து ஊரில் இவர் பேரே கருங்காலி. சே! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணே, நான் கேட்டது மரத்தை" என்றேன்.

"மரத்து பேர வச்சு ஏன் சார் மனுசன திட்டுறாங்க?"

"கோடாலிக்குக் காம்பாப் போய் மத்த மரத்தை வெட்டுதாம்."

"அதுவாவா போச்சு? வெட்டித்தானே சொருவினாங்க!"

வீட்டுப் பின்னால் கூட்டிப் போனார். நின்றது ஐயா, என் மரம்! கிளையெல்லாம் பிஞ்சு. பழுக்கும்வரை யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டுமே என்றேன்.

"எங்க வூட்டாண்ட இப்ப எவன் சார் வரான்?" என்றார்.

வரைபடத்தில் புள்ளி வைத்துக் 'கருங்காலி' என்று எழுதினேன். பின்னால் நின்று பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: "மரம்னு சேத்து எழுது சார்."

அந்தப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், நிழல் கிடையாது. வழி கேட்கும்போது மரம் என்று சேர்த்தே கேளுங்கள்.