சரியாகப் பத்துக் கண்ணாடி

சொட்டக்கா என்று பெயர் வைத்தது அலுவலக ஓட்டுநர். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. மேட்டு ஊரின் நீர்ப்பணி அலுவலகத்தில் மழை அளப்பது அவள் வேலை. கட்டடத்தின் பின்னால் கம்பி வேலிக்குள் மழைமானி நின்றது. மேலே புனல், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பாட்டிலைச் சுற்றி ஒரு வெளி உருளை. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து எழுத வேண்டும். ஒரு கண்ணாடி நிறைந்தால் இருபது மில்லிமீட்டர். கடைசிச் சொட்டு விழும்வரை பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

"அந்தச் சொட்டு விழுந்துதான் கடல் நிரம்பப்போகுதாக்கும்" என்பார் ஓட்டுநர்.

"கடலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்பாள்.

எழுதிய எண்ணைக் கீழே ஆற்றங்கரை ஊரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வாள். மேட்டில் பெய்த மழை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஆற்றோடு அங்கே போய்ச் சேரும். இருநூற்றைம்பதைத் தாண்டினால் அபாயச் சங்கு ஊதிக் கரையோரத் தெருக்களைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய மகானுபாவரும், இருநூறு மட்டுமே கொள்ளும் பாட்டிலை வாங்கிப்போட்டவரும் ஒரே கட்டடத்தில்தான் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள். மிஞ்சுவது வெளி உருளையில் தேங்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று குறிப்பேட்டின் பின் அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சொட்டக்கா வேலைக்குச் சேர்ந்த வாரம் அதைப் படித்தாள். அதன் பிறகு இருபத்துமூன்று வருடம் அதற்குத் தேவையே வரவில்லை.

மழை மாறிக்கொண்டிருந்தது அவளுடைய நோட்டுக்குத் தெரியும். ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டிவிட்டு, பிறகு மூன்று மாதம் எட்டியே பார்க்காது. முன்னெல்லாம் பத்து வருடத்துக்கு ஒரு புயல் என்பார்கள். இப்போது முந்தின புயலுக்கு மாற்றிய ஓட்டின் பளபளப்பு மங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுதுவதுதானே வேலை, யோசிப்பதற்கு மேலே ஆள் இருக்கிறார்கள் என்றிருந்தாள்.

அந்தப் புயல் நாளன்று காலை குடை இரண்டாக மடங்கிப் பறந்துவிட்டது. அவள் நனைந்தபடி வேலிக்குள் போய்ப் புனலைக் கழற்றிப் பாட்டிலைத் தூக்கினாள். வெளி உருளையின் அடியில் தண்ணீர் நின்றது. புனலைக் கழற்றியபோது சாரல் உள்ளே விழுந்துவிட்டது என்று நினைத்தாள். அவளுக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். உருளையைச் சாய்த்து அந்தத் தண்ணீரைத் தன் கையாலேயே தரையில் கொட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

சரியாகப் பத்துக் கண்ணாடி. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படி முழுசாக ஓர் எண் வந்ததில் அவளுக்குச் சின்னதாக ஒரு திருப்திகூட வந்தது. இருநூறு என்று கீழே சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் நிம்மதியாக மூச்சு விட்டது காதில் கேட்டது.

அடுத்த அழைப்பு அவளுடைய தம்பி. கரையோரத் தெருவில் குடியிருந்தான். லேத் பட்டறையில் வேலை.

"அக்கா, எவ்வளவு?"

"இருநூறு."

"வாசல்ல தண்ணி நிக்குது. கிளம்பட்டுமா?"

"சங்கே ஊதல, நீ ஏன்டா பறக்குற? இருநூறுதான். வீட்டுலயே இரு."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டான்.

பதினொரு மணிக்கு ஆறு தெருவுக்குள் வந்தது. சங்கு ஊதவே இல்லை.

மதியம் தொலைபேசி செத்துக் கிடந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் சொட்டக்கா பாட்டிலைக் குழாயடியில் வைத்துக் கழுவினாள். அது வாய்வரை நிரம்பி வழிந்தது. என்ன தோன்றியதோ, அதை அளவுக் கண்ணாடியில் ஊற்றி எண்ணினாள். சரியாகப் பத்து. பாட்டில் கொள்வதே அவ்வளவுதான். காலையில் தரையில் கொட்டியது சாரல் இல்லை, அதுவும் மழைதான். எத்தனை கண்ணாடி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தம்பியை மூன்றாம் நாள் தெருக்கோடியில் எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த பொறியாளர் நல்ல மனிதர். பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டது என்று சொட்டக்கா சொன்னதை எழுதிக்கொண்டார்.

"இந்தப் பாட்டில் பழைய மழைக்கு வாங்கினதும்மா. கடல் சூடாகுது, காத்து முன்னைவிட அதிகமாத் தண்ணியச் சுமக்குது. இந்தப் புயலுக்கு அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி மழை இனிமே அடிக்கடி வரும். உங்க மேல தப்பில்ல."

எவ்வளவு வசதியான வார்த்தை. பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டால் வானம் வந்து மறுக்கவா போகிறது? உருளையைச் சாய்த்ததை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பி கேட்டதையும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவளால் தண்ணீரைத் தரையில் கொட்ட முடியாமல் போனது. பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் வாளிகளில் நின்றன. "வீட்டுக்குள்ள நடக்க ஒரு படகு வாங்கணும் போலிருக்கு" என்றார் கணவர். முதலில் கேலியாகச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

தம்பி மனைவி அதே தெருவில், அதே வீட்டில்தான் இருந்தாள். வேறு எங்கே போவாள்? ஆற்றங்கரை ஊரிலேயே மேடான இடத்திலிருக்கும் தையல் ஆலையில் அவளுக்கு வேலை. மழை பெய்த காலையெல்லாம் எட்டே முக்காலுக்கு அவளுடைய அழைப்பு வரும். "அண்ணி, இன்னைக்கு எவ்வளவு?" அவள் புருஷன் கேட்ட அதே கேள்வி. சொட்டக்கா எண்ணைச் சொல்லிவிட்டு, பெய்தது தூறலாக இருந்தாலும், "எதுக்கும் மேட்டுக்குப் போயிடும்மா" என்பாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சொட்டக்கா அங்கே போயிருந்தபோது வாசலில் எரிவாயு சிலிண்டர் வந்தது. தம்பி மனைவி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொட்டக்காதான் வாங்கி வைத்தாள். வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு நான்தான் அண்ணி, சிலிண்டர் வரும், வாங்கி வச்சுட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனேன். அது வரவேயில்ல. அதுக்காகத்தான் அவரு உக்காந்திருந்தாரு. நான்தான் அவரைக் கொன்னேன்."

வாயை மூடிக்கொண்டு இன்னும் இருபது வருடம் ஓட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தன் பாவத்தை இந்தப் பெண் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அலைவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

"சிலிண்டருக்காக இல்லம்மா. அவன் கிளம்பட்டுமான்னு என்னைக் கேட்டான். நான்தான் இருன்னு சொன்னேன்." உருளையைச் சாய்த்ததையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

தம்பி மனைவி அழவில்லை, கத்தவில்லை.

"ரெண்டு வருஷம், அண்ணி" என்றாள். பிறகு எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மழைநாளில் அழைப்பு வரவில்லை. எட்டே முக்கால் ஆனதும் சொட்டக்கா தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளாகக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

நாலு மாதம் கழித்து மறுபடியும் ஒரு புயல். இப்போது பாட்டில் பெரியது. காலையில் முதலில் உருளைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பதினைந்து கண்ணாடி நிறைந்து, பதினாறாவதில் பாதி. முந்நூற்றுப் பத்து. கீழே சொன்னாள். அவர்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிறகு தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் கூப்பிட்டாள். என் மேலிருக்கும் கோபத்தில் உட்கார்ந்துவிட்டாளா? நான் சொன்னதாலேயே போகமாட்டேன் என்று இருக்கிறாளா? ஒன்பதாவது தடவை எடுத்தாள். பின்னால் தூரத்தில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"முந்நூத்திப் பத்தும்மா. கிளம்பிடு" என்றாள் சொட்டக்கா.

"நான் ஆலை வாசல்ல நிக்கிறேன். விடியும்போதே வந்துட்டேன்."

"சங்கு இப்பத்தானே ஊதுது?"

"சங்குக்காக வரல. மழையப் பாத்தேன், வந்துட்டேன். இனிமே கிளம்பட்டுமான்னு யாரையும் கேக்கறதா இல்ல அண்ணி."

அவள் வைத்துவிட்டாள். தம்பியும் அன்றைக்குத் தன்னைக் கேட்காமலே கிளம்பியிருக்கலாமே என்று நினைத்துச் சொட்டக்கா அழுதாள்.