வேலிக்கு அப்பால் ஒரு கனவான்

மருதனார்மடத்துத் தில்லைநாதன் மாஸ்ரருக்கு ஓய்வு பெற்ற பிறகு இரண்டே பிடிமானங்கள்: சரித்திரப் புத்தகங்களும் முந்நூற்றிநாலு சீட்டாட்டமும். சீட்டில் அவருடைய கூட்டாளி அடுத்த வளவு வீட்டுக் கணக்கு வாத்தியார் சோமசேகரம். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தில் ஒருநாள், "துரும்பு இறக்கத் தெரியாத நீரெல்லாம் ஒரு வாத்தியோ!" என்று அவர் மாஸ்ரரை நாலுபேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆறு வருடம்!

தொண்ணூற்றொன்றில், பழைய மிஷன் பள்ளிக்கூடமொன்று கழித்துவிட்ட ஆங்கிலப் புத்தகம் மாஸ்ரர் கையில் அகப்பட்டது. அமெரிக்கா புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற காலத்துக் கனவான்களும் சீமாட்டிகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள். தேநீருக்கு அழைக்கவும் அவர்களுக்கு ஒரு கடிதம் வேண்டும். நாட்டையே ஆண்ட இருவர் வருடக்கணக்கில் முகம் முறித்திருந்து, கடைசியில் கடிதத்தாலேயே ஒட்டிக்கொண்டதும் அதில் இருந்தது. மாஸ்ரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சோமசேகரம் வேண்டும், அவ்வளவுதான்.

போரால் சாமான்களுக்குத் தடை விழுந்திருந்த காலத்தில் புதுக் கடித உறைக்கு எங்கே போவது? பழையதைப் பிரித்து, உட்புறம் வெளியே வர ஒட்டினார். "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி, "தங்கள் பணிவான ஊழியன்" என்று முடித்தார்.

"வேலியடியிலை நிண்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. உதுக்கேன் முத்திரை?" என்றார் மனைவி பூரணம்.

"கனவான்கள் வேலியாலை கூப்பிடுறேல்லை."

கடிதம் தபால் கந்தோருக்குப் போய், ஆறியமர்ந்து, பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்கு வந்தது. பதிலும் வந்தது. கோழி கிளறின மாதிரி எழுதுகிற மனிதரின் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. வயதோடு ஆள் திருந்திவிட்டார் என்று மாஸ்ரர் மகிழ்ந்துபோனார். ஐந்து மாதத்தில் எட்டுக் கடிதங்கள். எட்டாவதில், சனிக்கிழமை தேத்தண்ணிக்கு அழைப்பு.

வேட்டி சால்வையோடு மாஸ்ரர் போனார். சாய்மனைக் கதிரையிலிருந்த சோமசேகரம் நிமிர்ந்தார். இரண்டு கண்ணிலும் வெண்படலம்.

"ஆரது?"

"தில்லைநாதன்."

"உமக்கு இஞ்சை என்ன அலுவல் காணும்?"

"நீர்தானே எழுதிக் கூப்பிட்டனீர்!"

"நானோ? ஒரு வருஷமாய் எனக்கு எழுத்தே தெரியிறேல்லை!"

குசினிக்குள்ளிருந்து சோமசேகரத்தின் மனைவி இரத்தினம்மா வந்தார். "நான்தான் எழுதினனான் மாஸ்ரர். இந்த மனிசன் ஒருதரோடையும் கதைக்காமல் நாள் முழுக்க என்னோடையே சண்டை கொழுவினால் நான் எங்கை போறது?"

தலையில் வைத்துக் கொண்டாடிய எட்டுக் கடிதங்களையும் நினைக்க மாஸ்ரருக்கு அழுகை முட்டியது. திரும்பி வாசல் படலைவரை போய்விட்டார்.

"தில்லைநாதன்!" என்று பின்னால் சோமசேகரத்தின் குரல் கேட்டது. "அந்தக் கடிதங்களை வைச்சிருக்கிறீரோ?"

"ஓம்."

"எடுத்துக்கொண்டு வாரும். நான் உமக்கு என்ன எழுதினனான் எண்டு வாசியும், கேப்பம்."