ஆறு கம்பிக்கும் ஒரு மயிரிழை

பைக்கிலிருந்து விழுந்ததில் என் கணவருக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. பிடிமானம் மட்டும் பழையபடி வரவில்லை. தெர்மல் பவர் ஸ்டேஷனில் அவருக்கு மேஜை வேலைதான், அதற்கு ஒன்றும் குறையில்லை. கிட்டார்தான் நின்றுபோனது.

கல்லூரி நாளிலிருந்து வாசிப்பவர். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் ரிட்டயர் ஆனாலும் அன்று சாயங்காலம் அவருடைய கிட்டார் உண்டு. கட்டுப் பிரித்துச் சில மாதம் கழித்து எடுத்து வாசித்துப் பார்த்தார். கிட்டார் கழுத்தின் நடுவில் விரல்கள் சுமாராக ஓடின. மேல்முனைக்குப் பக்கத்தில், முதல் கட்டத்தில், கம்பி அழுந்தவே இல்லை.

"கை போச்சு. வுட்டுடு" என்று உறையில் போட்டு பீரோ மேலே வைத்துவிட்டார்.

நான் சுரங்கப் பணிமனையில் ஃபிட்டர். பதினெட்டு வருஷமாக பேரிங்குகளில் இடைவெளி பார்ப்பவள். கையில்தான் கோளாறு என்றால் எல்லா இடத்திலும் அல்லவா அழுந்தாமல் போக வேண்டும்? எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில், காலையில் அவர் வேலைக்குப் போனதும் கிட்டாரை இறக்கினேன். கழுத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. பள்ளமாக வெட்டிய ஆறு காடிகளில் ஆறு கம்பிகளும் அதில் உட்கார்ந்து போகின்றன. அதற்குப் பேர் நட்டாம். எனக்குத் தெரிந்த நட்டு போல்ட்டோடு வருவது. வீடியோ பார்த்து, கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்திப் பிடித்தேன். அப்போது முதல் கட்டத்தின் உலோக வரம்பான ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளில் நான்கு சேர்ந்தாற்போல உள்ளே போயின. காடிகளுக்கு ஆழம் போதாமல் கம்பிகள் அத்தனையும் மேட்டில் நின்றன.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருக்க முடியாமல் அவருக்குப் போன் செய்தேன். இருபது வருஷமாக அதில்தானே வாசித்தேன் என்றார்.

"அப்ப உங்க கையில பலம் இருந்துச்சுங்க. மேடு தெரியல. அராவி எறக்கிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"சரி, உன் இஷ்டம்" என்றார்.

வெல்டிங்காரர்கள் நாசில் துளை சுத்தம் செய்யும் அரக்கம்பிகளில் ஒரு செட் பஜாரில் வாங்கினேன். ஒவ்வொரு கம்பியின் பருமனுக்கும் ஒன்று கிடைத்தது. ஃப்ரெட்டின் உயரத்துக்குத் தகடுகளை அடுக்கி, மயிரிழைக்காக இன்னொன்று சேர்த்து, நட்டை ஒட்டி வைத்துக்கொண்டேன். அரம் தகட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும். நான்கு காடிகள் கச்சிதமாக வந்தன. ஐந்தாவதில், ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், தகடு நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. தட்டிப் பார்த்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசி அதிர்ந்தது. அன்றைய ஷிஃப்ட் முழுக்க அந்தக் கொர்ரென்ற ஒலி என் காதிலேயே இருந்தது.

மறுநாள் காலை அந்தக் காடியில் ஆப்ப சோடாவை நிரப்பி சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன். கல்லாக இறுகியது. மறுபடி முதலிலிருந்து அராவினேன். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு லீவு சொல்லியிருந்தேன். ஆறாவதையும் முடித்தேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டாரோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கட்டத்தில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து மீட்டினார். ஆறும் பேசின. என்னைப் பார்த்தார். திரும்ப மீட்டினார். அரை மணி நேரம் அவர் நிமிரவில்லை. நானும் அடுப்படிக்குப் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு ரிட்டயர்மென்ட் விருந்தில் வாசித்தார். கை குணமாகிவிட்டதா சார் என்று ஒருவர் கேட்டார்.

"கை அப்படியேதான் இருக்கு. கிட்டாரத்தான் எங்க வூட்ல சரி பண்ணிட்டாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பணிமனையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். முகம் சிவந்தது அன்றைக்குத்தான்.

இப்போது பக்கத்து பிளாக்குகளிலிருந்தும் கிட்டார்கள் வருகின்றன. அளந்து பார்த்து, காடி சரியாக இருந்தால் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நான் சொன்னால் நம்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.