இருபத்தைந்து விநாடிக் கொம்பு

வெள்ளைக் காலணிமேல் கறுப்புக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார் லிப்ட் மெக்கானிக். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, காதை மூடும் கறுப்புக் குல்லா. ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரு விளக்கும் இல்லாத பழைய கல்குவாரி.

"கேமராவுக்கு நான் கெடையாது பாப்பா. நான் அடிக்கிற வெளிச்சம் மட்டுந்தான்."

பாப்பா அவர் மகள். முப்பத்து நான்கு வயது. தராசுகளைச் சோதித்துச் சான்று தரும் வேலை.

இரவு வானத்தைப் படமெடுக்க, கேமராவின் ஷட்டர் இருபத்தைந்து விநாடி திறந்திருக்கும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காது, கோடாக இழுபடும். அதற்குள் டார்ச்சோடு ஓடிப் பாறைக்குப் பாறை வெளிச்சம் பூச வேண்டும். ஒருமுறை பத்தொன்பதாம் விநாடியில் குழிக்குள் விழுந்தார். "இருவது, இருவத்தொண்ணு" என்று எண்ணிக்கை மட்டும் குழிக்குள்ளிருந்து தொடர்ந்தது. படம் நன்றாகவே வந்தது.

பகல் வேலையிலும் இதே குறும்புதான். நின்றுபோன லிப்டின் கதவைத் தட்டி, "ஆபீசுக்கா, வீட்டுக்கா? ஆபீசுன்னா மெதுவாத் தொறக்கறேன்" என்பார்.

குவாரியில் பாறைமேல் உட்காருவது அவர் மனைவியின் பொறுப்பு. அவள் முகத்துக்கென்று கேமராவின் காலடியில் காகிதம் சுற்றிய சின்ன விளக்கு. "ஆடாம உக்காரு" என்று சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் பின்னால் போய், அவள் தலைக்கு மேல் டார்ச்சால் இரண்டு கொம்பு வரைவார்.

"பின்னால என்ன பண்றீங்க?" என்று அவள் திரும்புவாள். வீட்டில் போட்டுப் பார்த்தால் முகம் கலங்கியிருக்கும். கொம்பு மட்டும் படு கூர்மை.

"அது முன்னாடியே இருந்ததுதான். நான் வெளிச்சந்தான் அடிச்சேன்" என்பார்.

அவள் போய் ஏழு வாரம். கூடத்துச் சுவருக்கு ஒரு படம் வேண்டும். மற்ற கேமராக்களைக் கண்டால் சமையலறைக்குள் ஓடி ஒளிந்தவள். இருப்பது குவாரிப் படங்கள்தான். மகள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. அதில் முன்னூற்றுப் பதினொன்றிலும் முகம் கலங்கல். அவள் கடைசியாகக் குவாரிக்கு வந்த அன்று எடுத்த ஒன்றில் மட்டும் கண், மூக்கு, உதட்டோர மடிப்பு எல்லாம் துல்லியம். மேலே வழக்கமான கொம்புகள்.

"அம்மா திரும்பவே இல்லப்பா. தெரிஞ்சிருக்கு."

"தெரியும். உக்காரும்போதே, 'சீக்கிரம் வரைஞ்சு முடிங்க, குளுருது'ன்னா."

கொம்பை எடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார் ஸ்டூடியோக்காரர். மகளும் அதைத்தான் விரும்பினாள். அத்தை தொலைபேசியிலேயே பதறினாள்: "வீட்டுக்கு வர்றவங்க என்னண்ணா நெனப்பாங்க?"

"சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கோம்னு நெனப்பாங்க."

ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் குரல் தாழ்ந்தது. "அவ அசையாம உக்காந்து வாங்குன கொம்பு சார் அது. கை வைக்காதீங்க."

கொம்போடுதான் படம் மாட்டப்பட்டது. பக்கத்தில் இன்னோர் ஆணியும் அடித்து வைத்தார்.

இப்போது குவாரியில், மகள் கேமராவைச் சரிபார்த்து நிமிர்கிறாள். டார்ச்சை அவள் கையில் திணிக்கிறார்.

"இன்னிக்கு நீ ஓடு."

விளக்கின் எதிரே, மனைவி உட்காரும் அதே பாறையில் போய் உட்காருகிறார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சம் முடியையும் இரண்டு பக்கமும் ஒதுக்கி, கொம்புக்கு இடம் விடுகிறார்.