இடது கையால் ஓர் இழுப்பு

பக்தி முற்றிப்போய் ஒரு படகு இஞ்சினின் மூச்சை அடைத்தவன் நான். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அன்று என்னைத் தடுக்கவில்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போயிருந்தது. சுங்கை லாலாங் பக்கம் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஞாயிறுதோறும் கோத்தா கோலா மூடாவுக்குப் போய், தன் சின்னப் படகில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போடுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சுகம். அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்: "தன் கையால இஞ்சினைக் கிளப்பிக் காட்டட்டும், தம்பி. முடியலைன்னா படகை வித்துட வேண்டியதுதான்."

கயிற்றை இழுத்துக் கிளப்பும் இஞ்சின். திடகாத்திரமான ஆட்களே நான்காவது இழுப்பில் கெட்ட வார்த்தைக்கு இறங்கிவிடுவார்கள். நான் ஒரு வாரம் வீடியோ பார்த்து நிபுணனாகி, கைப்பிடியைப் பெரிதாக மாற்றிப் பாடம் நடத்தினேன்.

"மெதுவா இழுங்கண்ணே. ஓரிடத்துல கயிறு முரண்டு பிடிக்கும். அங்க நிறுத்திட்டு, பின்பலகையில காலை ஊன்றி, உடம்போட சாயுங்க. கை சும்மா கொக்கி மாதிரி இருந்தா போதும்லா."

"இஞ்சினைக் கிளப்பச் சொன்னா என்னைப் படுக்கச் சொல்றியேடா."

மூன்றாவது சாய்வில் கிளம்பியது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஆயுத பூஜை. கார், மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன், படகு இஞ்சினுக்கும் வைத்தேன். பெட்ரோல் தொட்டி மூடியின் நட்டநடுவில், சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து. உள்ளே காற்று போனால்தான் பெட்ரோல் இறங்கும் என்பதும், அதற்காக அந்த மூடியில் ஊசிமுனையளவு துளை இருப்பதும் நிபுணனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கரையில் நிற்கவைத்துவிட்டுப் புறப்பட்டோம். முதல் சாய்விலேயே கிளம்பியது. ஆற்றுமுகம் நெருங்கும்போது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. அண்ணன் சாய்ந்தார். மறுபடியும் சாய்ந்தார். நான் கை நீட்டினேன்.

"தொடாதே."

நீரோட்டம் எங்களைக் கடல் பக்கம் கொண்டுபோனது. எத்தனை இழுப்பு என்று எண்ணவில்லை. கடைசியில் அவரே கைப்பிடியை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு கையாலும் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவ்வழியே வந்த மலாய் மீனவர் ஒருவர் கயிறு கட்டி எங்களைக் கரைசேர்த்தார். மூடியைப் பார்த்தவர், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, "இதுக்கும் காத்து வேணும், அபாங்," என்று மலாயில் சொன்னார். பிறகு லேசாக இழுத்தார். உடனே கிளம்பியது.

"தப்பு என்னோடது, அண்ணி. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அண்ணனால முடியும்," என்றேன்.

அண்ணன்தான் சொன்னார், யாரும் கேட்காமலேயே: "வித்துடலாம்."

செமிலிங்கிலிருந்து ஒருவர் வந்து விலைபேசி எடுத்துக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. கயிற்றை எங்கே நிறுத்துவது, எப்படிச் சாய்வது என்று ஒரு பக்கம் எழுதி, படமும் வரைந்து, அவரிடம் நீட்டப் போனேன்.

அண்ணன் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார்.

"விடுடா. அந்த ஆளுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு."