முதல் பக்கத்து மழை

கல்முனைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பனி என்றால் ஒன்றுதான். மாரி ஓய்ந்த பிறகு, விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் போகிற ஆண்களின் தொப்பியை நனைத்து, தும்மலோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற சாமான் அது. அதற்கு மருந்து தலையில் ஒரு துவாய், வயிற்றுக்குள் கொத்தமல்லித் தண்ணீர். வேறு பனி உலகத்தில் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான், வெளிநாடு போயிருந்த சாச்சா தொலைபேசியில், "இஞ்ச பனி முழங்கால் மட்டும் கிடக்கு" என்று சொன்னபோது எல்லோரும் திகைத்துப் போனோம்.

"முழங்கால் மட்டுமா? அப்ப வெள்ளமெண்டு சொல்லுங்களன் தம்பி" என்றார் வாப்பா.

உம்மா ரிசீவரைப் பறித்துக்கொண்டு, தலையை மூடாமல் வெளியே இறங்க வேண்டாம் என்று சத்தமாக எச்சரித்தார். என் முறை வந்ததும் நான் கேட்டேன்.

"அது விழக்குள்ள சத்தம் எப்படி சாச்சா?"

"சத்தமே இல்ல மகள். அது பாட்டுக்குக் கொட்டும். கதவத் துறந்தாத்தான் தெரியும்."

சாச்சா என்பது உம்மாவின் தங்கை புருஷன். சாச்சியின் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன, சமையலும் ஒன்றாகத்தான். அவர் இருக்கும் வரைக்கும் அந்த வளவில் சத்தத்துக்குக் குறைவில்லை. கைமேளமான றபானைத் தட்டிக்கொண்டு எங்களுக்குக் கஸீதாப் பாட்டுப் பழக்குவார், பாட்டு மறந்தால் இடையில் ஆட்டைப் போலக் கத்துவார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஓர் ஒழுங்கான வீடு கட்ட வேண்டும் என்ற ஆசையில்தான், சாச்சியை மாசமாக விட்டுவிட்டு அந்தக் குளிர் நாட்டுக்குப் போனார்.

ஊரில் மாரி வலுக்க வலுக்க, அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வரும். குடும்பமே போய்ச் சுற்றி நிற்போம். சாச்சிக்கு ரிசீவர் கிடைத்தால், "ஓம்", "ம்", "நல்லா இரிக்கிறன்" என்று மூன்று சொல் சொல்லிவிட்டு, சுடுகிற சட்டியைக் கை மாற்றுவது போல உம்மாவிடம் கொடுத்துவிடுவார். கடைக்காரர், வாப்பா, பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க, ஒரு பெண் புருஷனோடு வேறென்ன கதைப்பது? எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை சாச்சா, "ஏலாது போல இரிக்கி. திரும்பி வந்திரட்டா?" என்று வாப்பாவிடம் கேட்டுவிட்டார். வாப்பா வீட்டுக்கு வந்து உம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வாப்பாவின் மெதுவு வயல் வட்டைக்குள் மாடு விரட்டிப் பழகிய மெதுவு. கிணற்றடியில் நின்ற சாச்சிக்குக் கேட்டுவிட்டது. அவர் கழுவிய பீங்கான்களையே திரும்பவும் கழுவினார்.

"புள்ளயள்ர பாட்டப் பதிஞ்சு அனுப்புவம்" என்றார் உம்மா. "அவர் பழக்கின பாட்டுத்தானே. கேட்டா மனசு ஆறும்."

சொல்வது லேசு. அந்த மாரியில் எங்கள் வீட்டில் ஆறி இருந்தவர் யாருமில்லை. வாப்பா வரம்பு உடைக்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உம்மா மீலாத் விழாப் பாட்டுப் போட்டிக்காக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். என் மூத்த சகோதரி ராத்தாவுக்குப் பள்ளிக்கூடச் சோதனை; கொப்பியும் கையுமாகத்தான் சோறு தின்பா. மூத்த சகோதரன் நானாவுக்குப் போட்டியில் றபான் அடிக்கிற வேலை. எனக்குக் காலையில் குர்ஆன் மத்ரஸா, பின்னேரம் பாட்டுப் பயிற்சி. தம்பிக்கு மட்டும் வேலையில்லை. முற்றத்துத் தண்ணீரில் தவளை பிடித்து ராத்தாவின் பையில் போடுவான்.

பாட்டின் சொற்களைச் சாச்சா போகுமுன் கட்டியிருந்தார். அதில் ஒரு வரியைத் தனியாகப் பாடும் பொறுப்பு எனக்கு. "தூரம் போன பயணிக்குத் துணையாய் இரு யா அல்லாஹ்." அந்த வரியில்தான் சாச்சாவின் மனது ஆறப்போகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். படுக்கும்போதும் குளிக்கும்போதும் அதையே பாடினேன்.

ஒரு பின்னேரம் எல்லோரையும் பிடித்து இருத்தினார் உம்மா. ரெக்கோடருக்குப் புதுப் பெற்றறி போட்டாயிற்று. ஈரத்தில் றபான் தோல் தளர்ந்து தொப் தொப் என்றது. நானா அதை அடுப்புச் சூட்டில் காட்டி இறுக்கிக்கொண்டு வந்தான். சாச்சி ஒரு கதிரையில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு இருப்பது போல இருந்தார். ராத்தா பொத்தானை அமத்தினா. ஸலாம் சொல்லிப் பாட்டைத் தொடங்கினோம்.

அவ்வளவுதான். வானம் உடைந்து எங்கள் தகரக் கூரையில் கொட்டியது.

நாங்கள் விடவில்லை. சத்தத்தைக் கூட்டிப் பாடினோம். மழையும் கூட்டியது. கூரையில் ஒழுக்கு விழத் தொடங்கியது, அதுவும் உம்மா தைத்து அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளுக்கு நேர் மேலே. சாச்சி பாய்ந்து போய்ச் சோற்றுச் சட்டியை எடுத்து ஒழுக்குக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு என் வரியைத் தொடங்கினேன்.

"அடுப்புக்குள்ள தண்ணி வருது! வாளியக் கொண்டாங்க!" என்றார் உம்மா.

"வாளிக்குள்ள என்ட தவள இரிக்கி!" என்றான் தம்பி.

"ஊத்துடா வெளியில!"

"ஊத்தினா சாச்சா பாட்டுக் கேக்கக்குள்ள அது கத்தாதே!"

பாட்டு அதோடு முடிந்தது. என் வரி மழைக்குள் போயே போய்விட்டது. நான் அழுத அழுகையில் ராத்தா பொத்தானை நிறுத்தவும் மறந்து போனா.

பிறகு ஒரு வெயில் நாளில், கொன்கிரீட் கூரை போட்ட பக்கத்து வீட்டில் இருந்து, கெசட்டின் மறுபக்கத்தில் ஒழுங்காகப் பாடிப் பதிந்தோம். என் வரி மணி போல விழுந்தது. கடைசியில் சாச்சியும் சொன்னார்: "அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இரிக்கிறன். நேரத்துக்குச் சாப்பிடுங்க." சுற்றிவர நாங்கள் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

முதல் பக்கத்தை அழித்துவிடலாம் என்று வாப்பா சொல்லியிருந்தார். அதற்குள், அந்த நாட்டுக்கே போகிற ஊர் மனிதர் ஒருவர் புறப்பட்டு வந்து வாசலில் நின்றார். உம்மா கெசட்டோடு ஒரு பொதி வேர்க்கொம்புச் சுக்கையும் கொத்தமல்லியையும் கட்டி, பனிக்கு நல்லதென்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமையில் சாச்சாவின் குரல் பழைய குரலாக இருந்தது. எனக்குக்கூட விளங்கியது. வாப்பாவிடம் திரும்பி வருகிற கதையே எடுக்கவில்லை. ஒருதரம் ஆட்டைப் போலக் கத்தியும் காட்டினார். நான் ரிசீவரை வாங்கி நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"சாச்சா, என்ட வரி எப்படி?"

"எந்த வரி மகள்? ஒரே மழையாத்தானே கேக்குது."

"அது முதல் பக்கம்! பிழைச்சுப் போன பக்கம். மத்தப் பக்கத்தப் போடுங்க!"

"ஓம் மகள், போடுவம். ஆனா இந்தப் பக்கம்தான் நல்லா இரிக்கி. இஞ்ச சத்தமில்லாத பனிக்குள்ள இருந்துட்டு இந்த மழைச் சத்தத்தக் கேக்க... அல்ஹம்துலில்லாஹ். வேலைக்குப் போகக்குள்ளயும் வரக்குள்ளயும் அதத்தான் போட்டுக் கேக்கிறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "சாச்சாக்குப் பாட்டு வேணாமாம். மழையாம் வேணும்!" என்று முறையிட்டேன். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். வாப்பா, மேகமே இல்லாத வானத்தைப் பார்க்க வெளியில் போனார். சாச்சி முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அல்லாஹ்வின் கிருபையால் சாச்சா அங்கேயே தங்கி உழைத்தார். மகள் பிறந்தாள், வீடு எழும்பியது, அவரும் வந்து சேர்ந்தார். இன்றைக்கு எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாரியில் சாச்சியின் அல்மாரிக்குள் அந்தக் கெசட் கிடைத்தது. என் மகன் அதைக் கடையில் கொடுத்து, என் போனுக்குள் ஏற்றித் தந்தான். மறுபக்கத்தைத்தான் முதலில் போட்டேன். புதுக் காசு மாதிரிப் பளிச்சென்று இருந்தது. யாரும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் பக்கம் தேய்ந்து இரைந்தது. மழை, தொப் தொப் என்று றபான், உம்மாவின் கத்தல், தம்பியின் தவளை. அதற்குப் பிறகு, பொத்தானை நிறுத்த மறந்த அந்த இடத்தில், மழையையும் என் அழுகையையும் தாண்டி, ஒரு பெண் சிரிக்கிறாள். அடக்க முடியாமல், மூச்சு முட்ட, ரெக்கோடருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

சாச்சி எப்போதும் வாயைப் பொத்தித்தான் சிரிப்பார். அன்றைக்கு அவருடைய இரண்டு கையிலும் சோற்றுச் சட்டி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தொலைபேசிக் கடை வாசலில் அவர் முக்காட்டை இழுத்துவிட்டது பின்னேரத்து வெயிலுக்கென்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.