மஞ்சளான முதல் வரிசை

முதல் வரிசை மஞ்சளானதை அத்தை கண்டுபிடித்தது ஆயுதபூசை அன்று. அப்பா தாம் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியிலிருந்து பொரிப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அதனால் நாளில் எனக்குச் சந்தேகமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு.

அத்தை வேலூர்க் கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. அங்கே செய்து காட்டுவதற்கு முன், ஆம்பூரில் எங்கள் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தார். தெர்மோகோல் பெட்டிகளில் மூன்று வரிசைத் தக்காளி நாற்று. முதல் வரிசைக்கு எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் அப்பா கேனில் கொண்டுவந்த டேனரிக் கழிவுநீர். மூன்றாவதற்கு மட்டும் கூடுதலாக ஒரு தெளிப்பு. செடிக்குள்ளேயே ஊறுகிற ஹார்மோனாம்; மேலே கொஞ்சம் தெளித்தால் கழிவுநீரிலுள்ள குரோமிய நஞ்சைத் தாங்கும் தெம்பு நாற்றுக்கு வருமாம். முதல் வரிசை செழித்து, இரண்டாவது வாடி, மூன்றாவது பிழைத்தால்தான் கல்லூரியில் அவருடைய ஆராய்ச்சியை ஏற்பார்கள்.

இரண்டாவது ஒழுங்காக வாடியது. மூன்றாவது பிழைத்தது. முதலாவதும் சேர்ந்து வாடியதுதான் வம்பு.

"அண்ணி, கேனை மாத்தி ஊத்திட்டீங்களா?"

"எனக்கு இன்னா வேற வேலையில்லையா? உங்கண்ணனைக் கேளு. சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா கம்மியான்னே தெரியாத ஆளு."

"நான் பொரி துன்னுனு சும்மா தானே கீறேன்!" என்றார் அப்பா.

அத்தை மறுபடி விதைத்தார். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"தாலி கட்டிக்கோன்னா சாவியக் கட்டினுகீறா பாரு," என்றார் அம்மா.

போர் தண்ணீரை அத்தையே பிடித்து அத்தையே ஊற்றினார். கார்த்திகை தீபத்தன்று அகல் வைக்க மாடிக்குப் போனோம். முதல் வரிசை மறுபடியும் மஞ்சள்.

இம்முறை அத்தை யாரையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று இறங்கிப்போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டினார். மறுநாள் முதல் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் கடையில் வாங்கிய கேன் தண்ணீர். நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம் என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. வகுப்பிலேயே நான்தான் குள்ளம்.

"அத்தை, எனக்கும் அந்த மருந்தைத் தெளிச்சி உடேன்."

அம்மாவும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என்னை ஜன்னலோரம் இழுத்துப்போய், இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரேகை பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் டாக்டர் ஆவேனா என்று கேட்டேன்.